பறக்குமுன் எண்ணிப் பார்ப்போம்

(ஜூபிலி விழா இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

நமது பெரம்பூர் சக்கரங்களை நம்பி வாழும் ஊர். 1955-ஆம் ஆண்டு இங்கே ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிய நாள் முதல் எத்தனையோ வீடுகளில் அதனால் அடுப்பெரிகிறது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன், "நான் ஹெலிகாப்டர் பைலட் ஆகப் போகிறேன்" என்றான். தந்தையார் வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கத் துணிந்தார். தாயார் கண் கலங்கினார். மூவரும் யோசனை கேட்டு எங்களிடம் வந்தார்கள். அன்று அவர்களிடம் சொன்னதையே இன்று உங்களிடமும் சொல்கிறோம்.

ஆசை தவறல்ல. 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான ரயில் பயணிகள் சிக்கித் தவித்தார்கள். சாலை வழி அடைபட்டபோது ஹெலிகாப்டரே அவர்களுக்கு உணவு கொண்டு சென்றது. அத்தகைய தொழிலை விரும்புவது பெருமைக்குரியதே.

ஆனால், கணக்குப் பார்க்க வேண்டாமா? இதற்கு வழிகள் இரண்டு. முதலாவது, சொந்தச் செலவில் பயின்று உரிமம் பெறுவது. பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். 150 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானிலை, திசையறிதல், விமானச் சட்டம் ஆகிய தேர்வுகளிலும் தேற வேண்டும். சிறிய விமானத்தைவிட ஹெலிகாப்டரில் ஒரு மணி நேரப் பயிற்சிக்குச் செலவு அதிகம். உரிமம் கையில் வந்ததும் வேலை வந்துவிடுமா? வராது. கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்கும் மலைக் கோயில்களுக்கும் ஆட்களைக் கொண்டு செல்லும் நிறுவனங்கள் அனுபவத்தைக் கேட்கின்றன. இராணுவத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்து ஓய்வு பெற்றவர்கள் வரிசையில் முன்னே நிற்கிறார்கள். வேலைக்காக நாம் காத்திருக்கலாம். கடனுக்கான வட்டி காத்திராது!

இரண்டாவது வழி, முப்படைகளில் சேருவது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தேசியப் பாதுகாப்புக் கழகத்திற்கு ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடக்கிறது. 2022 முதல் பெண்களும் அங்கே சேர்ந்து பயில்கிறார்கள். பயிற்சிச் செலவு அரசினுடையது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அரக்கோணத்தில், 1992-இல் தொடங்கிய ராஜாளி தளத்தில் இருக்கிறது. நம் பெரம்பூர் நிலையத்தைக் கடந்து செல்லும் ரயில் போகிற ஊர்தான் அது! ஆயினும், பல ஆண்டுகள் பணியாற்றும் கடமை உண்டு. விமானமா, ஹெலிகாப்டரா என்பதும் நம் விருப்பம் மட்டுமல்ல.

எந்த வழியானாலும் முதலில் மருத்துவப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். பணத்தைக் கட்டிய பிறகு கண்ணில் குறை என்று தெரிந்தால் யாரை நோவது? சோதிக்காமல் ஒரு பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றுவோமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நேர்ந்த விபத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோரை இழந்தோம். எதிர்பாராமல் வானிலை மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துள் புகுந்தது, விமானிக்கு நிலை தடுமாறியது என்று விசாரணையில் தெரிய வந்தது. மாண்டோரைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. தேர்ந்தவர்களுக்கும் மேகம் பகையாகும் என்பதற்கே கூறுகிறோம்.

ஆகவே அந்தப் பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "தம்பி, வழியில் வானம் கறுத்தால், ஏற்றி வந்தவர் எவ்வளவு பெரியவரானாலும், 'திரும்புகிறேன்' என்று சொல்லும் துணிவு உனக்கு உண்டா?" உண்டு என்றான். "அப்படியானால் அந்தத் துணிவை இன்றே காட்டு. அப்பாவின் பத்திரத்தைத் திருப்பிப் பெட்டியில் வை" என்றோம். சற்று நேரம் தலைகுனிந்து இருந்தான். பிறகு தானே எழுந்து தந்தையின் கையில் பத்திரத்தைக் கொடுத்தான்.

கண் பரிசோதனையில் குறையில்லை. முதல் தேர்வில் அவன் தேறவில்லை. இப்போது கல்லூரியில் இயற்பியல் படிக்கிறான். பட்டம் பெற்ற பின்பும் விமானப் படையில் சேரத் தேர்வு உண்டு, அதற்கு ஆயத்தமாகிறான். வீடும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளைகளின் ஆசையைக் கேலி செய்யாதீர்கள். பிள்ளைகளே, பெற்றோரின் கூரையைப் பிரித்துச் சிறகு செய்யாதீர்கள்.