அலைக்குப் பின்னால் வருகிற பட்டியல்

(ஆழிப்பேரலை நினைவுநாளை ஒட்டிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘இயற்கைக்குச் சாதி கிடையாது’ என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். நல்ல வார்த்தைதான், கேட்க இதமா இருக்கு. ஆனா இந்த ஒரு வார்த்தையை வச்சிக்கிட்டுத்தான் நம்ம வாயை இருபது வருசமா அடைக்கிறாங்க. ‘செத்த இடத்துல வந்து சாதி பேசுறியே’ என்கிறார்கள். அலைக்குச் சாதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அலை வடிந்த பிறகு பிணம் தூக்க யாரைக் கூப்பிட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம்ம நேரப்படி காலை 6.28 மணிக்குச் சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. அந்த அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. இரண்டு மணி நேரம்னா ஒரு கிராமமே நடந்தே தப்பிச்சிருக்கலாம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் நல்லவாட்டில் அப்படித்தான் தப்பித்தார்கள். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார், கிராம அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், சனம் ஓடிப் பிழைத்தது. ஒரு போனும் ஒரு மைக்கும் செய்த வேலை இது. பசிபிக் கடலுக்கு 1949லேயே எச்சரிக்கை மையம் வந்துவிட்டது. நமக்கு ஐதராபாத்தில் 2007ல்தான் வந்தது. இடைப்பட்ட அந்த இடத்தில்தான் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் செத்தார்கள். அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேல்.

முந்தின நாள் டிசம்பர் 25. அது நமக்கு என்ன நாள் என்று இந்தக் கூட்டத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1968ல் அதே மண்ணில், கீழ்வெண்மணியில், கூலி கொஞ்சம் கூடக் கேட்டதுக்காக 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். வெண்மணிக்கு அஞ்சலி செலுத்திய மறுநாள் காலையில்தான் கடல் வந்தது. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று கொலை, மற்றது பேரிடர். ஆனா 36 வருசத்துக்கு முன்னால் கூலிக்காரனை மனுசனா எண்ணாத அதே கணக்குப் புத்தகத்தைத்தான் மறுபடி எடுத்து வந்தார்கள். அதைச் சொல்கிறேன்.

முதலில் பிணங்கள். வெளியூர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை ஏற்றி வந்து இறக்கினார்கள். அழுகிப்போன உடல்களைச் சேற்றிலிருந்தும் முள்ளுக்காட்டிலிருந்தும் எடுத்தது அவர்கள்தான். கையுறை, முகமூடி, பூட்ஸ் இல்லாமல் பலர் வேலை செய்ததாகச் செய்திகள் வந்தன. பெற்ற தகப்பனே கிட்டப்போக அஞ்சிய உடலைத் தொட்டுத் தூக்கியவன் அவன். தொட்டது சாவுக்கு மட்டும் ஆகும். சோத்துக்கும் தண்ணிக்கும் தொடக்கூடாது. நிவாரண முகாமில் நம் சனத்தைத் தண்ணீர்த் தொட்டியில் பிடிக்க விடவில்லை, ஒரே கூரையின்கீழ் படுக்க விடவில்லை என்று அந்த ஜனவரியிலேயே செய்தி வந்தது. மனித உரிமை அமைப்புகள் அறிக்கை விட்டன.

அடுத்தது பட்டியல். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கரையோரம் மீனவர் குப்பம். அதுக்குப் பின்னால் தள்ளி நம்ம காலனி. அதனால் பல ஊர்களில் நம்மில் சாவு குறைவு. ‘சாவு இல்ல, படகு இல்ல, அப்ப நீ பாதிக்கப்பட்டவன் இல்ல’ என்று எழுதிவிட்டான். மீன் இறக்குகிறவன், கூடை சுமக்கிறவள், கருவாடு காயப்போடுகிறவள், உப்பளத்தில் வாருகிறவன், கழிமுகத்தில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர், இவர்களுடைய பிழைப்பு எல்லாம் கடலோடு சேர்ந்தே போனது. வயலில் உப்புத் தண்ணீர் ஏறியது. நிலத்துக்காரனுக்கு நிலக் கணக்கு இருந்தது, நிவாரணமும் வந்தது. அந்த நிலத்தில் நடவு நட்டவளுக்கு எந்தக் கணக்கு?

நான் வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன். காகிதம் இருந்தாத்தான் ஆள் என்பதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன். படகுக்குப் பதிவு உண்டு, கடன் உண்டு, காப்பீடு உண்டு. போனால் போனது என்று நிரூபிக்கலாம். கூடைக்கு என்ன பதிவு? இடுப்பு ஒடியச் சுமந்த 20 வருசத்துக்கு எந்த லெட்ஜரில் வரவு? சொத்து இருந்தவனுக்குத்தான் இழப்பு உண்டு என்று அரசு எந்திரம் முடிவு பண்ணிவிட்டது. உழைப்பை மட்டும் வைத்திருந்தவன் எதையும் இழக்கவில்லையாம்.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். மீனவர் நம் எதிரி அல்லர். அதிகம் செத்தது அவர்கள்தான். அவர்கள் பிள்ளைகளைத்தான் அலை கொண்டுபோனது. அவர்களுக்குக் கிடைத்தது அதிகம் என்று நாம் பேசினால் பட்டியல் போட்டவன் சிரிப்பான். நம்ம சண்டை பட்டியலோடு.

‘இயற்கை’யை வைத்து நம்மைப் பற்றிப் பேசுவது பழைய வேலை. 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் நிலநடுக்கம். 10,000க்கும் மேல் சாவு. அப்போது தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது அதைத் தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்றார். தாகூர் மறுத்தார். பூமி நடுங்குவதற்குப் பூமியில்தான் காரணம் தேடவேண்டும் என்பது அவர் வாதம். தாகூர் பக்கம்தான் நியாயம். தீண்டாமைக்குத் தண்டனை என்றால் அதில் தீண்டப்படாதவன் ஏன் சாகிறான்? குற்றத்தைக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டால், குற்றம் செய்தவன் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

இன்னொரு கடற்கரையைப் பாருங்கள். இந்தோனேசியாவில் 1883ல் கிரகடோவா எரிமலை வெடித்தது. 36,000 பேருக்கு மேல் மாண்டார்கள், பெரும்பாலோர் அது கிளப்பிய அலையில். அந்த இடத்தில் பின்னால் முளைத்த எரிமலைக்கு அனாக் கிரகடோவா, அதாவது கிரகடோவாவின் பிள்ளை என்று பெயர். 2018 டிசம்பர் 22 இரவு அதன் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. 400 பேருக்கு மேல் பலி. அப்போது அங்கே எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. ஆனால் அது நிலநடுக்கத்தைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தது. மலை சரிந்து அலை வரும் என்று அதுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எதைக் கேட்கச் சொல்லி வைத்தோமோ அதைத்தான் கருவி கேட்கும். நிவாரணப் படிவமும் ஒரு கருவிதான். படகு என்ற கட்டம் இருக்கிறது, கூலி என்ற கட்டம் இல்லை.

2005ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 61ஆம் பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்து வேறுபாடு காட்டக்கூடாது என்கிறது. நல்லது. மீறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவில் ஒரு வரி கிடையாது. வரி எழுத வைப்பது நம்ம வேலை.

அடுத்த அலை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுக்குள் செய்ய வேண்டியதைக் கேட்டு வாங்குவோம். கூலிக்காரர் பெயரைப் பேரிடர் வருமுன்பே ஊராட்சியில் பதிவு செய். எச்சரிக்கை ஒலிபெருக்கியைக் காலனியிலும் கட்டு. ஒலிப்பதோடு விடாதே, ஓடிவர மேட்டில் இடமும் காட்டு. பிணம் எடுக்கும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டாதே. எடுக்கிறவர் யாரானாலும் பாதுகாப்புக் கருவியும் உரிய ஊதியமும் கொடு. முகாமில் தண்ணீர்க் குழாய் பொதுவில் இருக்கட்டும். மறிப்பவன் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடு.

கேட்டா, ‘சாவு வீட்டில் சாதியா’ம்பாங்க. ஆமாங்க, நீங்கதான் கொண்டுவந்தீங்க. அதை வெளியே எடுத்துப் போடத்தான் நாங்க வந்திருக்கோம் என்று சொல்லுங்கள்.