பஞ்சு விலையும் பட்டினியும்

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

கூட்டம் தொடங்குமுன் ஒரு இளந்தோழர் என்னிடம் கேட்டார்: "2022-ல் உக்ரைன் யுத்தம் வந்ததும் கோதுமை விலையும் எண்ணெய் விலையும் ஏறின. வாங்கிப் போட்டவன் சம்பாதித்தான். நானும் கைபேசியில் நூறு, இருநூறு போட்டுப் பார்க்கிறேன். சண்டையை நானா மூட்டினேன்? இதிலென்ன தப்பு, தோழர்?"

நியாயமான கேள்விதான். கோபித்துக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. நமக்குத் தெரிந்த சரக்கான பஞ்சை வைத்தே பார்ப்போம்.

1861-ல் அமெரிக்காவில் அடிமை முறையை ஒட்டி உள்நாட்டு யுத்தம் மூண்டது. வடக்கு சர்க்காரின் கப்பல்கள் தெற்குத் துறைமுகங்களை மறித்தன. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பெரும்பகுதிப் பஞ்சு அங்கிருந்துதான் வந்தது. சரி, யுத்தம் மூண்ட அன்றே லிவர்பூல் கிடங்குகள் காலியாகிவிட்டனவா? இல்லை! பஞ்சு குவிந்து கிடந்தது. விலை ஏறட்டும் என்று வியாபாரிகள் பிடித்து வைத்தார்கள். பவுண்டு ஏழெட்டுப் பென்சுக்கு விற்ற பஞ்சு 1864-ல் முப்பது பென்சை எட்டியது. 1862 முடிவில் லங்காஷயரில் நாலு லட்சம் பேருக்கு மேல் உதவிக் கஞ்சிக்குக் காத்து நின்றார்கள்.

ஓடிய சில ஆலைகளிலும் நம் நாட்டு சூரத் பஞ்சு. குட்டை இழை, அழுக்கு வேறு. நூல் அறுந்துகொண்டே இருந்தால் உருப்படிக் கூலிக்காரன் கதி என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே நாட்களில் பம்பாயில் தீபாவளி! பிரேம்சந்த் ராய்சந்த் என்ற தரகர், லிவர்பூல் விலையை மற்றவருக்கு முன் அறிய, வரும் கப்பலுக்கே படகு அனுப்புவார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பஞ்சைக் கண்ணாலும் பார்க்காமல் வாயிதா வியாபாரம்! 'பேக் பே' கம்பெனியில் 5,000 ரூபாய் கட்டிய பங்கு 50,000 வரை ஏறியது. குமாஸ்தாவும் கடைக்காரனும் கூடக் கடன் வாங்கிப் போட்டார்கள்.

1865 ஏப்ரலில் தெற்குத் தளபதி லீ சரணடைந்தார். உலகமே மகிழ வேண்டிய சேதி. பம்பாய்ச் சந்தையிலோ இழவு! சமாதானம் வந்ததே என்று அழுதார்கள், தோழர்களே! அவர்கள் பிறவிக் கொடியவர்கள் அல்ல. பணம் போட்ட இடம் அப்படி. யுத்தம் நீள வேண்டும் என்று மனசு வேண்டிக்கொள்ளும் இடம் அது.

பிரேம்சந்தும் திவாலானார். ஆனால் அடி அவரோடு நிற்கவில்லை. பருத்தி விலை ஏறியபோது அள்ளிக் கொடுத்த லேவாதேவிக்காரர்கள், விலை விழுந்ததும் கையை மூடினார்கள். சர்க்காரோ நிலவரியை உயர்த்தியது. 1875-ல் பூனா ஜில்லா சூபாவில் குடியானவர்கள் கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் ஆலைத் தொழிலாளர்கள் கூடினார்கள். முற்றுகை நீங்கினால் அவர்களுக்கு வேலை, நீடித்தால் பட்டினி. அப்படியிருந்தும், அடிமை முறை ஒழிய வேண்டும், உங்கள் பக்கமே நிற்கிறோம் என்று லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். லங்காஷயரில் எல்லோரும் அப்படி நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தெற்கை ஆதரித்தவர்களும் உண்டு. 1863 ஜனவரியில் லிங்கன் பதில் எழுதினார். மான்செஸ்டரில் அவர் சிலையின் பீடத்தில் அந்த வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது.

தம்பி, கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். அந்தக் கைபேசிக் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.