வாங்கும் கையும் வழங்கும் கையும்



அசையாதபடி பிணிக்கப்பட்ட முயலின் ஒரு கண்ணில் சோதனைப் பொருளை இட்டு, மறு கண்ணை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்து, சிவப்பும் வீக்கமும் புண்ணும் எவ்வளவு என்று நாள்கணக்கில் மதிப்பெண் இடுவதே டிரெய்ஸ் சோதனை எனப்படுவது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் நச்சியல் அறிஞர் ஜான் டிரெய்ஸ் தம் துணைவர்களோடு 1944இல் அதனை வகுத்தார். கண்மைக்கும் ஷாம்பூவுக்கும் கொடுக்கப்பட்ட விலை அது. அந்த விலையைச் செலுத்தியது வாங்கியவர் அல்லர், வாயில்லாத உயிர்.

அக்கொடுமையை முதலில் அசைத்தது சட்டமன்றம் அன்று, மக்கள் குரலே. ஹென்றி ஸ்பைரா என்னும் ஆசிரியர் 1980இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குவது என்று ரெவ்லான் நிறுவனத்தை நோக்கிக் கேட்டார். அவ்வாண்டு முடிவதற்குள் அந்நிறுவனம் மாற்று முறை ஆய்வுக்காக ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு நிதி வழங்க இசைந்தது.

இந்தியாவில் 2014ஆம் ஆண்டிலேயே தடை வந்துவிட்டதே, இனி வாங்குவோர்க்கு என்ன வேலை என்று வினவுவோர் உண்டு. அழகுசாதனப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதையும், அவ்வாறு சோதித்தவற்றை இறக்குமதி செய்வதையும் அத்தடை விலக்கியது உண்மை. ஆனால் தரை துடைக்கும் திரவமும் பாத்திரம் துலக்கும் சோப்பும் அழகுசாதன விதியின் வரம்புக்குள் வருவன அல்ல. மேலும், 'இப்பொருள் விலங்குகள்மீது சோதிக்கப்படவில்லை' என்னும் வாசகம் முடிவுற்ற பொருளை மட்டும் குறித்து, அதன் மூலப்பொருள்களைப் பற்றி வாய் திறவாமலும் இருக்கலாம். மூலப்பொருள் வழங்குவோரையும் உட்படுத்திச் சான்றளிக்கும் பாயும் முயல் முத்திரைக்கும், அச்சகத்தில் விருப்பம்போல் அச்சிட்ட முயல் படத்துக்கும் வேறுபாடு அறியாமல் வாங்குவது ஏமாறுவதேயாகும்.

நன்கொடையிலோ இந்த விழிப்பும் இல்லை. சோப்பின் உறையைத் திருப்பிப் பார்க்கும் அன்பரே, நோய் ஆய்வு அறக்கட்டளைக்குப் பணம் அனுப்புகையில் அப்பணம் எவ்வகை ஆய்வுக்குச் செல்கிறது என்று கேட்பதில்லை. மனித உயிர் காக்க விலங்குச் சோதனை தவிர்க்க இயலாதது என்னும் வாதத்துக்கு 2006இல் லண்டனில் நிகழ்ந்தது விடை தரும்: குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கே செலுத்தப்பட்டும், டிஜிஎன்1412 என்னும் மருந்தால் தன்னார்வலர் அறுவர் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்கு உள்ளாயினர். விலங்குடல் தரும் உறுதி மனித உடலுக்கு உறுதி ஆகாது. மனித உயிரணுக்களைக் கொண்டு வளர்த்த திசுக்களும் கணினி மாதிரிகளும் இன்று ஆய்வாளர் கையில் உள்ளன. இத்தகைய ஆய்வுக்கு மட்டுமே நிதி வழங்கும் நோக்குடன் பிரிட்டனில் டாக்டர் ஹாட்வென் அறக்கட்டளை 1970இலேயே தோன்றியது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகமும் விலங்குச் சோதனைக்கு மாற்று காண்பதற்கென்றே ஒரு மையத்தை நிறுவியது.

விலங்குவதைத் தடைச் சட்டம் 1960இல் உருவாக மாநிலங்களவையில் வழிவகுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் வாழ்ந்து பணியாற்றிய தமிழ்நாட்டில், நன்கொடைப் பணம் எவ்வகை ஆய்வுக்குச் செல்கிறது என்னும் கேள்வி எழாதிருப்பது தகாது. ஆகவே, இனி நன்கொடை கேட்டு வரும் ஒவ்வோர் ஆய்வு அறக்கட்டளையிடமும், விலங்குச் சோதனைக்கு இப்பணம் செல்லாது என்னும் எழுத்துவழி உறுதியை அவையோர் கேட்க வேண்டும். அது கிடைக்காத இடத்துக்கு ஒரு ரூபாயும் வழங்கலாகாது.