வானத்திலிருந்து வந்தவன் எந்த நாட்டான்?

(ஓப்பநாயக்கவில் தோட்ட இளைஞரிடையே ஆற்றிய உரை)



விஞ்ஞானக் கதையொன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப் போகிறோம். எந்த நிலையத்தின் தயவும் வேண்டோம், எந்த முதலாளியின் முதலும் வேண்டோம் என்று நீங்கள் எழுதிய கடிதம் கண்டு மகிழ்ந்தோம். கடிதத்தோடு வந்த கதைச்சுருக்கம் கண்டு சற்றே வருந்தினோம். இரண்டையும் மறைக்காமல் பேசவே வந்திருக்கிறோம்.

வருத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். உங்கள் கதையில் விண்கலம் வந்து இறங்குவது நியூயோர்க் நகரில். அதை எதிர்கொள்ளும் வீரன் கொழும்பிலே படித்த விஞ்ஞானி. அவன் பேசுவதோ சென்னைத் திரைப்படத்தின் பேச்சு. தோட்டம் எங்கே, தோட்டம் எங்கே என்று தேடினோம். இரண்டாம் பகுதியில் ஒரேயொரு காட்சி. கிழவி ஒருத்தி கொழுந்துக் கூடையோடு நின்று, வானத்தைப் பார்த்து அழுகிறாள். அவ்வளவே! கொழுந்து பறிப்பவள் அழத்தான் வேண்டும், ஆராயக் கூடாது என்று விதித்தவர் யார்? நம்மை அறியாத அயலான் எழுதியிருந்தால் அறியாமை என்று விட்டிருப்போம். லயத்திலே பிறந்து, லயத்திலே வளர்ந்த நீங்கள் எழுதினீர்களே, அதுதான் நெஞ்சை உறுத்திற்று.

இந்த மலைகள் விஞ்ஞானக் கதைக்கு ஏற்ற களமல்ல என்று எண்ணினீர்களோ? ஆதர் சி. கிளார்க் அப்படி எண்ணவில்லை. 1956 இல் இலங்கையில் குடியேறி, 2008 இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்த அந்த ஆங்கில எழுத்தாளர், 1979 இல் ஒரு நாவல் எழுதினார். பூமியிலிருந்து விண்வெளிவரை ஒரு மின்தூக்கி. அதன் அடித்தளத்துக்கு உலகெங்கும் தேடி அவர் தேர்ந்த இடம், நம் இரத்தினபுரி மாவட்டத்தின் எல்லையில் நிற்கிறதே, அந்தச் சிவனொளிபாத மலையின் சாயல் கொண்ட மலை! நிலநடுக்கோட்டின்மேல் இருந்தாலன்றி அந்தத் தூக்கி நிற்காது என்பதால், தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி வைத்தார். மலையின் உயரத்தையும் இருமடங்காக்கினார். நாட்டைப் பெயர்த்து வைக்க எழுத்தாளனுக்கு ஒரு பேனா போதும். கடல் கடந்து வந்தவருக்கு அந்த மலை தந்த துணிவு, அதன் அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வரும் உங்களுக்கு ஏன் வரவில்லை?

இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், கூட்டம் தொடங்குமுன் எம்மிடம் கேட்டார்: "ஐயா, நாட்சம்பளத்துக்குப் போராடிக் களைத்துப் போனோம், லயத்துக் கூரை ஒழுகுகிறது, இந்த நேரத்தில் வேற்றுக் கிரகக் கதை ஒரு கேடா?" நியாயமான கேள்வி. சிரித்து ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லி மறுமொழி கூறுகிறோம்.

2010 ஆம் ஆண்டு ஜோஷ் பெர்ன்ஹார்ட், பிரேசி ஸ்மித் என்னும் இருவர், 'பயனியர் ஒன்' என்ற தொடரைத் தொடங்கினர். அவர்களுக்குப் பின்னால் தொலைக்காட்சி நிலையம் எதுவுமில்லை. 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் இணையத்தளம் வழியாக, முன்பின் அறியாத மக்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டியது 6,000 டொலர். அந்நாட்டில் ஒரு தொடரின் முதற்பகுதிக்குக் கோடிக்கணக்கில் கொட்டுவார்கள். இது அவர்களுடைய தேநீர்ச் செலவுக்கும் காணாத பணம். அதைக்கொண்டு முதற்பகுதியை முடித்து, எவரும் எடுத்துச் செல்லலாம் என்று இணையத்திலே இலவசமாக விட்டார்கள். பார்த்தவர்கள் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் அடுத்தடுத்த பகுதிகள் பிறந்தன.

கதை என்ன? வானத்திலிருந்து ஒரு கலம் விழுகிறது. உள்ளே ஓர் இளைஞன். அவன் அணிந்திருப்பது சோவியத் விண்ணுடை. செவ்வாய்க் கிரகத்தில் பிறந்தவன் என்று தெரிகிறது. பிறகு நடப்பதில் பெரும்பகுதி அறைகளுக்குள் நடக்கும் பேச்சு. இவன் யார்? எந்த நாட்டவன்? இவனை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? அனுப்புவதென்றால் எங்கே அனுப்புவது?

தோழர்களே, இந்தக் கேள்விகளை வேறெங்கும் கேட்டதில்லையா நீங்கள்?

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் உங்கள் பாட்டனைப் பார்த்துக் கேட்ட கேள்வியல்லவா அது! 1947 தேர்தலில் வாக்களித்தவன், அடுத்த ஆண்டே நாடற்றவன் ஆனான். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் ஒப்பமிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வோம் என்றார்கள். மனிதரையா எண்ணினார்கள், மூட்டைகளையா? எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் துடைக்கும் சட்டம் வர 2003 ஆம் ஆண்டாயிற்று. செவ்வாயிலிருந்து விழுந்தவனுக்கு அமெரிக்கர் கற்பனையில் இழைத்த இன்னலை, செவ்வாயைக் காணாமலே நம்மவர் அரைநூற்றாண்டுக்கு மேல் அனுபவித்தார்கள். ஆகவே பெரியவரே, இது போராட்டத்தை விட்டு ஓடுகிற கதையன்று. உங்கள் வழக்கை, அதைக் கேட்டுச் சலித்துப்போன காதுகளுக்குள் வேறு வாயில் வழியாகக் கொண்டு செல்லும் கதை. கூரைக்கான போராட்டம் நிற்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. இரண்டும் நடக்கட்டும் என்கிறோம்.

'சுயாதீனம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நாட்டின் முதல் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தொடங்கிற்று. பெயர், சுயாதீனத் தொலைக்காட்சி. இரண்டு மாதம் நிறையுமுன் அரசு அதைக் கையேற்றுக்கொண்டது. பெயர் மட்டும் இன்றுவரை சுயாதீனமாகவே இருக்கிறது! பெயரில் இருப்பதை நம்பாதீர்கள். எழுத்துப்படி யார் கையில், படப்பதிவு யார் பெட்டியில் என்று பாருங்கள். உதவிப் பணம் தருகிறேன், ஆனால் அந்த அதிகாரி பாத்திரத்தை நல்லவனாக்கு என்று எவரேனும் வந்தால், வணக்கம் கூறி வழியனுப்புங்கள்.

கருவிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 1949 இல் தொடங்கிய 'கேப்டன் வீடியோ' என்ற விண்வெளித் தொடருக்கு, அரங்கப் பொருள்களுக்கென வாரம் ஒன்றுக்கு ஒதுக்கியது 25 டொலர். 1963 இல் இலண்டனில் பிபிசி தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரில், காலத்தைக் கடக்கும் பெட்டி கிளம்பும்போது ஓர் ஓசை எழும். கேட்டவர் மறவாத ஓசை. அது எப்படிப் பிறந்தது? பழைய பியானோ ஒன்றின் கம்பிகள்மேல் வீட்டுச் சாவியைத் தேய்த்து எடுத்தார்கள்! உங்களிடம் பியானோ இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறி இருக்கிறது. கொழுந்தை அரைக்கும் உருளை இருக்கிறது. றப்பர் அழுத்தும் பொறி இருக்கிறது. தகரக் கூரையில் சப்ரகமுவ மழை இருக்கிறது. கைத்தொலைபேசியில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துக் கேட்டுப் பாருங்கள்.

பகுதி பகுதியாகக் கதை சொல்வதும் நமக்குப் புதிதன்று. மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்து என்ன? பல நாள் நீளும் தொடர்தானே! சிவனின் நெற்றிக்கண் திறக்கிறது, காமன் எரிகிறான், ரதி மன்றாடுகிறாள், மாண்டவன் மீள்கிறான். கணினி இல்லை, மின்விளக்கு இல்லாத காலத்திலேயே எரித்தார்கள், எழுப்பினார்கள், ஊர் நம்பிற்று. அருச்சுனன் தபசில் மரத்தின்மேல் ஏறி நிற்பவனைக் கீழேயிருந்து பார்த்த குழந்தைக்கு அது கைலாயமாகவே தெரிந்தது. அந்தக் கூத்தின் அண்ணாவிமார் உங்கள் தோட்டங்களில் இருக்கிறார்களா என்று தேடுங்கள். சென்னை நடிகரைப் பார்த்துப் பழகுவதை நிறுத்தி, ஒரு மாதம் அவர்கள் காலடியில் இருங்கள்.

எச்சரிக்கை ஒன்றுண்டு. 'பயனியர் ஒன்' ஆறு பகுதிகளோடு நின்றுவிட்டது. மக்கள் பணத்தில் ஓடும் வண்டி, நினைத்த தூரம் ஓடுமென்று உறுதியில்லை. நீங்கள் 52 பகுதி என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம், ஆறு போதும். ஆறாம் பகுதியை முதலில் எழுதி முடித்துவிட்டுப் பிறகு தொடங்குங்கள். பாதியில் நின்ற வீட்டுத் திட்டங்கள் இம்மலைகளில் போதிய அளவு இருக்கின்றன.

களம் எது? இந்த ஊரே! கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி வழியாக வந்த குறுகிய இருப்புப்பாதை ஓப்பநாயக்கவில் முடிந்தது. 1976 இல் இப்பக்கத்துச் சேவையை நிறுத்தினார்கள். அந்தப் பாதையில், ஒரு மழையிரவில், வராத இரயில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரயிலைக் காட்ட வேண்டாம். இருள், மழை, தூரத்தே ஒரு சீழ்க்கை, ஓர் அரிக்கன் விளக்கு. இறங்குகிறவர்கள் 1947 இல் ஏறிய தோட்டத்து மக்கள். வாக்குரிமை உள்ளவர்களாய் ஏறியவர்கள், அடையாள அட்டை கேட்கும் உலகில் இறங்குகிறார்கள். அவர்களிடையே ஒரு கிழவி. அவள் அழவில்லை, அதிகாரியைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள். என்ன கேட்கிறாள் என்பதை எம்மால் எழுத முடியவில்லை. நாம் வெளியூரார். உங்கள் பாட்டிமாரைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள். இந்தக் கதை பிடிக்காவிட்டால் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று கொண்டு வாருங்கள். நியூயோர்க் மட்டும் வேண்டாம்.

ஆறாம் பகுதியின் எழுத்துப்படி ஆயத்தமானதும் கடிதம் எழுதுங்கள், மீண்டும் வருகிறோம். அன்று முதலில் பேசப்போவது அந்தப் பெரியவர். நாம் கீழே அமர்ந்து கேட்கிறோம்.