திண்ம அமிலம்

அமிலம் என்றதும் கண்ணாடிப் புட்டியில் அடைத்த, பட்ட இடத்தைச் சுடும் திரவமே நம் நினைவுக்கு வருகின்றது. செறிந்த கந்தக அமிலத்தினும் வலிய அமிலம் ஒரு வெண்பொடியாகவும் இருத்தல் கூடும். சேர்க்கோனியம் என்னும் உலோகத்தின் ஒட்சைட்டிலே சல்பேற்றைப் பிணைத்து ஆக்கும் அப்பொடியை யப்பானிய அறிஞர்களான ஹினோ, கொபயாஷி, அராத்தா ஆகியோர் 1979 இல் உலகுக்கு எடுத்துரைத்தனர்.

அவ்வுலோகத்தின் தாதுவாகிய சேர்க்கன் நமக்குப் புதியதன்று. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, ரூற்றைல் என்பவற்றோடு அது கலந்து கிடக்கின்றது. பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிவிடுகின்றது என்பதுதான் வருத்தம்.

பொடியை ஆக்கும் முறையைக் கேளுங்கள். நான் கலைப் பட்டதாரி. ஆயினும் இம்முறை சமையற் பக்குவம்போல் எளிதில் விளங்குவது. தாதுவை எரிசோடாவுடன் உருக்கி, ஐதரோகுளோரிக் அமிலத்திற் கரைத்து உப்பாக்குவர். அவ்வுப்பின் நீர்க்கரைசலில் அமோனியாவைத் துளித்துளியாக விட, வெண்ணிற ஐதரொட்சைட்டு வீழ்படிவாகும். குளோரைட்டு அறவே நீங்கும்வரை அதனைக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் வெள்ளி நைத்திரேற்றை விட்டால் வெண்மை தோன்றலாகாது. பின்னர் ஏறத்தாழ 110 பாகை சதமவளவில் உலர்த்தி, ஐதான கந்தக அமிலத்தில் ஊறவைத்து வடித்து, மீண்டும் உலர்த்தி, 600 பாகையளவில் சில மணிநேரம் சூளையிற் சுடுவர். வரிசையே இங்கு உயிர்நிலை. முன்னரே சுட்டுப் பளிங்காகிவிட்ட ஒட்சைட்டில் அமிலத்தை ஊற்றினால் அந்த வலிமை வாராது. சூடு மிகினும் சல்பேற்று ஆவியாய் அகன்றுவிடும்.

இதனால் நமக்கு ஆவதென்ன? கோயில் விளக்குக்கு ஊற்றும் இலுப்பெண்ணெயை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து டீசலுக்கு மாற்றான எரிபொருள் ஆக்கலாம். ஆனால் அதிற் கட்டற்ற கொழுப்பமிலம் மிகுதி. இந்தியாவின் கரக்பூரில் ஆராய்ந்து 2005 இல் வெளியிடப்பட்ட மாதிரியில் நூற்றுக்கு 19 பங்கு இருந்தது. காரத்தை ஊக்கியாக இட்டால் எரிபொருளுக்குப் பதில் சவர்க்காரமே மிஞ்சும். திரவ அமிலத்தை இட்டால், பின்னர் அதனைக் கழுவி நீக்க வேண்டும். அளவெட்டியில் அக்கழுநீரை எங்கே ஊற்றுவது? நம் காலடியில் இருப்பது சுண்ணக்கல். மேலே ஊற்றியது அதன் வெடிப்புகளூடே கிணற்றுக்கே இறங்கும். குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் அக்கிணறன்றி நமக்கு வேறு ஆறில்லை. திண்ம ஊக்கியையோ வடித்தெடுத்து மறுமுறையும் இடலாம்.

குறையும் உண்டு. தாக்கத்தின்போது பிறக்கும் நீர் சல்பேற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் செல்வதால் ஒவ்வொரு முறையும் வலிமை குன்றுகின்றது. ஆதலின் சல்பேற்றுக்கு ஈடாகத் தங்குதன் ஒட்சைட்டைப் பிணைத்த பொடியையும் ஆய்வாளர் ஆக்கியுள்ளனர். அது வலிமையிற் சற்றுக் குறைந்ததே; ஆனால் நீருக்கு எளிதில் இளகுவதில்லை. மேலே கரி படிந்தாலும் காற்றோட்டத்திற் சுட்டு மீளப் பயன்படுத்தலாம்.