துயர் பகிரும் கூட்டத்தில் தலைமை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தலைமைத்துவம் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது, மாவீரர்களின் சரித்திரங்களை அவர் எதிர்பார்த்திருக்கலாம். நானோ, மதுப்பழக்கத்தைக் கைவிட முயலும் ஒன்பது பத்துப் பேர் வாரந்தோறும் கூடும் ஒரு சிறு கூட்டத்தைப்பற்றியே பேசப் போகின்றேன். பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்கும் மாணவன் என்ற முறையில், ஏறக்குறைய நான்கு மாதங்கள் அங்கு ஒரு பக்கத்தில் அமர்ந்து அவதானிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இங்கே பேசுவதற்கு அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றுள்ளேன். ஊரையும் பெயர்களையும் மட்டும் கேளாதிருப்பீர்களாக.

நான் கற்றது ஒரு மிசன் பாடசாலையில். தலைமை என்றால் என்னவென்பதில் அங்கே எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. மணி அடிக்கும், மாணவர் தலைவன் முன்னே நிற்பான், மற்றையோர் வரிசையில் நிற்பர். நானும் இரண்டு வருடம் அவ்வாறு முன்னே நின்றவன். விவாத மேடையில் ஒன்றிரண்டு கிண்ணங்களும் பெற்றவன். எழுந்து நின்று தெளிவாகப் பேசுபவனே தலைவன் என்ற எண்ணத்தோடுதான், வாசிகசாலை மண்டபத்திற் கூடிய அந்தக் கூட்டத்திற்குப் போனேன்.

அங்கே மேடையுமில்லை, மேசையுமில்லை. பிளாஸ்ரிக் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. கூட்டத்தை நடத்துபவர் இளைப்பாறிய பஸ் சாரதி ஒருவர். முன்னர் தாமும் குடித்து, விட்டவர். எல்லோருக்கும் அவர் "அண்ணை". முதல் நாள் அவர் பேசியது நான்கு வசனங்களுக்கு மேல் இராது. இவரா தலைவர் என்று எனக்குச் சிறிது ஏமாற்றம். ஆனால் அங்கு வந்திருந்த இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் அழகாகப் பேசினார். எவர் எதைச் சொன்னாலும் அதற்கு அவரிடம் ஒரு புத்திமதி இருந்தது. "உண்மையான தலைவர் இவரே" என்று முதல் வாரக் குறிப்பில் எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் உண்டு. விரித்துப் பார்க்க வெட்கமாயிருக்கின்றது.

நாட் செல்லச் செல்ல ஒன்று எனக்குத் தென்பட்டது. ஆசிரியர் ஐயா பேசி முடித்ததும் எல்லோரும் தலையசைப்பர். பேச்சு அத்துடன் நின்றுவிடும். அண்ணையிடம் எவராவது, "இப்ப நான் என்ன செய்யிறது, அண்ணை?" என்று கேட்டால், அவர் நேரே மறுமொழி சொல்லார். வேறொருவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் உப்பிடி ஒரு நாள் வந்ததெல்லே, என்ன செய்தனீங்கள்?" என்பார். கேட்கப்பட்டவர் முதலில் தடுமாறுவார். பின்னர், சம்பள நாளில் சாராயக் கடைத் தெருவைத் தவிர்ப்பதற்காக இரண்டு மைல் சுற்றிச் சைக்கிளிற் போன கதை வெளிவரும். அதைக் கேட்ட இன்னொருவர், சம்பளத்தை மனைவியே நேரிற் சென்று வாங்க ஒழுங்கு செய்த கதையைச் சொல்வார். இரண்டு கதையும் கேட்டவருக்கு உதவின. சொன்னவர்களுக்கோ, அன்று மாலை வீடு திரும்பும்போது நடையே வேறாயிருந்தது.

இது புதுமையன்று. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டு, பில் வில்சன் என்னும் பங்குத் தரகர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், ஒகையோ மாநிலத்து அக்றன் நகருக்கு ஓர் அலுவலாகப் போனார். அலுவல் கைகூடவில்லை. ஹோட்டல் முன்மண்டபத்தில் தனித்து நின்றவருக்கு மதுச்சாலையின் ஓசை காதில் விழுந்தது. அவர் அந்நேரத்தில் தேடியது வைத்தியரையன்று. தம்மைப்போல் அவதிப்படும் இன்னொரு குடிகாரரை. தேவாலயங்களோடு தொலைபேசியிற் பேசித் தேடிக் கண்ட மனிதர் பொப் சிமித். அவர் ஒரு சத்திர வைத்தியராகவும் இருந்தது தற்செயலே. கால் மணித்தியாலம் மாத்திரம் இருப்பதாகச் சொல்லி வந்த சிமித், பல மணி நேரம் இருந்து பேசினார். அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் என்று உலகமெங்கும் பரவிய இயக்கம் அந்த இருவரின் சந்திப்பிலிருந்து தோன்றியது. அவ்வியக்கம் 1950இல் ஏற்றுக்கொண்ட மரபுகளின்படி, அதன் தலைவர்கள் ஊழியர்களேயன்றி ஆள்பவர்கள் அல்லர்.

வில்பிரட் பியொன் என்னும் ஆங்கிலேய மனநோய் வைத்தியரையும் இங்கே சொல்லவேண்டும். (நம்மவர்க்குச் சுவையான ஒரு செய்தி: அவர் 1897இல் பிறந்தது கண்ணபிரான் அவதரித்த வடமதுரையில்.) இரண்டாம் உலக யுத்த காலத்தில், பேர்மிங்காம் நகருக்கு அண்மையில் நோர்த்பீல்ட் என்னும் இராணுவ வைத்தியசாலை இருந்தது. மனம் நொந்த போர்வீரர்களுக்கான பயிற்சிப் பிரிவு ஒன்றை அங்கே பியொன் பொறுப்பேற்றார். தொடக்கத்தில் லீவு, முறைப்பாடு, சச்சரவு என்று ஆட்கள் ஓயாது அவரது அறைக்கு வந்தவண்ணம் இருந்தனர். அவர் ஒவ்வொன்றையும் தீர்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொருவரும் ஏதாவதொரு குழுவிற் சேரவேண்டும். விரும்பிய குழு இல்லையேல் புதிதாக ஒன்றை அமைக்கலாம். நாள்தோறும் நண்பகலில் எல்லோரும் அரை மணி நேரம் கூடவேண்டும் என்று விதித்தார். சில நாளில் ஒரு முறைப்பாடு வந்தது: நூற்றுக்கு 20 பேரே வேலை செய்கின்றனர், மற்ற 80 பேரும் சோம்பேறிகள், அவர்களைத் தண்டிக்கவேண்டும் என்று. பியொன் மறுத்தார். அது தமக்குத் தெரியும், ஆனால் அதைத் தீர்ப்பது தம் ஒருவரின் பொறுப்பன்று என்றார். அழுக்காய்க் கிடந்த அந்தப் பிரிவைத் துப்புரவாக வைத்திருக்கும் வேலையைக் காலப்போக்கில் அவர்களே ஒரு குழுவாகக் கூடி எடுத்துக்கொண்டனர். இந்தப் பரிசோதனை ஆறு வாரங்களே நடந்தது. அது நிறுத்தப்பட்ட காரணம்பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். மேலிடத்துக்கு அது உவப்பாயிருக்கவில்லை என்பதே என் ஊகம்.

பின்னர், 1961இல் வெளிவந்த நூலொன்றில், கூட்டம் கூடிய மனிதர் எடுத்த காரியத்தை விட்டு வழுவும் மூன்று விதங்களைப் பியொன் விளக்கினார். அவற்றுள் ஒன்று, எல்லாம் அறிந்த ஒருவர் வந்து தம்மைக் காப்பார் என்று காத்திருத்தல். நமது நிருவாக சபைக் கூட்டத்தில் இதை நான் கண்டதில்லை என்று சொன்னால், தலைவர் அவர்களே முதலிற் சிரிப்பார்!

இவ்வளவும் புத்தகத்திற் படித்திருந்தும் நான் செய்ததைக் கேளுங்கள். எட்டாம் வாரம் அண்ணை வரத் தாமதமாகிவிட்டது. மேசன் வேலை செய்யும் ஒருவர், வழக்கமாக வாசலோரக் கதிரையில் இருப்பவர், பெயரைத் தவிர வேறெதுவும் அதுவரை சொல்லாதவர், அன்று சற்று உள்ளே தள்ளி இருந்தார். "நானும் ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கி, நிலத்தைப் பார்த்தபடி நிறுத்திவிட்டார். அரை நிமிடம் மௌனம். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆசிரியர் ஐயா என் முகத்தைப் பார்த்து, "தம்பி கம்பசிலை படிக்கிறவர், நீர் ரண்டு வார்த்தை சொல்லுமன்" என்றார். நான் எழுந்தேன். அந்த வட்டத்தில் எழுந்து நின்று பேசிய முதல் ஆள் நானே. ஈரலைப்பற்றியும் மூளையைப்பற்றியும் கால் மணித்தியாலம் பேசினேன். கை தட்டினார்கள். மேசன் திரும்பவும் வாசலோரத்திற்குப் போய்விட்டார். அடுத்த வாரம் அவருடைய கதிரை வெறுமையாயிருந்தது.

அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். "அவர் வாயைத் திறக்க ஏழு கிழமை எடுத்தது, தம்பி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்றதற்கும் விடையில்லை. கூட்டம் தொடங்கியதும் அந்தக் கதிரையைக் காட்டி, "ஆள் வரேல்லை, என்ன செய்வம்?" என்று பொதுவாகக் கேட்டார். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. இம்முறை நானும் பேசவில்லை. முடிவில், தாம் போய்ப் பார்ப்பதாகச் சொன்னவர் ஆசிரியர் ஐயா. சைக்கிள்காரர் கூடப் போனார். அங்கே என்ன புத்திமதி சொன்னீர்கள் என்று பின்னர் ஐயாவைக் கேட்டேன். ஒன்றுமில்லையாம், அவர் கட்டிக்கொண்டிருந்த கிணற்றுக் கட்டைப் பார்த்துக்கொண்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்களாம்.

மூன்றாம் வாரம் மேசன் வந்து வாசலோரத்தில் இருந்தார். நான் அங்கிருந்த கடைசி நாள்வரை, அன்று தொடங்கிய வசனத்தை அவர் முடிக்கவில்லை. அவரை ஒருவரும் கேட்கவுமில்லை.