தாலி கட்டியாச்சு, பதிவு செஞ்சாச்சா?
(ஆம்பூர் சுயமரியாதைத் திருமண விழாவில் ஆற்றிய வாழ்த்துரையின் சுருக்கம்)



மணமக்கள் ரெண்டு பேருமே ஷூ கம்பெனியில் உழைப்பவர்கள். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. மாலை மாற்றினார்கள், உறுதிமொழி சொன்னார்கள், திருமணம் முடிந்தது. இவ்வளவு எளிமையா இருக்கே என்று நினைக்கிறீர்களா? இந்த எளிமைக்குச் சட்டத்தின் அங்கீகாரம் கிடைக்க நாற்பது ஆண்டுகள் ஆனது!

வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றம் வழக்கத்தை மதிக்கத்தான் செய்தது. 1868இல் ராமநாதபுரம் ஜமீன் தத்து வழக்கில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தைவிட மேலானது என்று லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. வழக்கம் என்றால் பழமையானதாக, இடைவிடாமல் வருவதாக இருக்கணும். அதை நிரூபிக்கும் சுமை, வழக்கம் இருக்கு என்று சொல்பவர் தலையில்!

1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் தந்தை பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். புதிய முறைக்குப் பழைய வழக்கம் எங்கிருந்து வரும்? வெள்ளைக்காரன் போன பிறகும் அதே அளவுகோல்தான். 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், இது சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுநாள் வழக்கமும் இல்லை, ஆகவே செல்லாது என்றது. ஊரறிய வாழ்ந்தவள் சட்டத்தின் முன் மனைவி இல்லையாம்! இதில் நஷ்டம் யாருக்கு? பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும்தானே?

அந்த அநீதியைத் துடைத்தவர் பேரறிஞர் அண்ணா. 1967இல் அவரது அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர்கள் முன்னிலையில் தங்களுக்குப் புரிந்த மொழியில் உறுதி சொல்லலாம். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது அந்தச் சட்டம். 2023இல் உச்சநீதிமன்றமும், இதற்கு ஊரைக் கூட்டி விழா எடுக்கத் தேவையில்லை என்று தெளிவாக்கியது.

சட்டம் வந்துவிட்டது. ஆனால் சான்று வேணுமே! வேலூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளில் உழைக்கும் தோழர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். நாளைக்கே ஒரு விபத்து என்றால் இ.எஸ்.ஐ., பி.எஃப். குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் மனைவியிடம், கல்யாணச் சான்று எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். கல்யாண ஆல்பத்தை மட்டும் காட்டினால் போதுமா?

2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி, எந்த மதமானாலும் 90 நாளுக்குள் பதிவு கட்டாயம். விட்டுப்போனால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. மணமகனே, மறுவீட்டு விருந்து முடிஞ்ச கையோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்க. பி.எஃப். நாமினி இன்னும் அம்மா பேரிலேயே இருந்தால் அதையும் மாற்றுங்க. மணமகளே, நீங்களும் உங்க கணக்கில் அப்படியே செய்யுங்க.

இதைப் படிக்கும் தோழர்களே, உங்க வீட்டுக் கல்யாணம் பதிவாகியிருக்கா? இன்றே பாருங்கள்!

வாழ்க மணமக்கள்! வளர்க சுயமரியாதை!